எதைப் பற்றினால் எது வழுக்கும்?

தாமரை இலைத் தண்ணீர் என்றால் காவிரிக் கடைமடையில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் அடங்கிய போலகம் போன்ற ஊர்களில் குளக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது கண்ணால் கண்ட சங்கதி. மழைத்துளி இலையில் விழுகிறது, திரள்கிறது, இலை சற்றே சாய்ந்ததும் உருண்டு குளத்தில் போய்ச் சேர்கிறது. இலை நனைந்ததற்குத் தடயமே இருக்காது. குடும்பத்தில் இருந்தும் இல்லாதவராக வாழ்கிறவரை ஊர் இந்த உவமையால்தான் சொல்லும். அதில் சில நேரம் மரியாதை இருக்கும், சில நேரம் வருத்தம் இருக்கும்.

உவமைக்கு வயது அதிகம். சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமர் தம் மாணவர் உபகோசலருக்கு உபதேசிக்கும்போது, உண்மையை அறிந்தவனைப் பாவம் ஒட்டாது என்பதற்குத் தாமரை இலையையே காட்டுகிறார். கீதையின் 5ஆம் அத்தியாயம் செயலைச் செய்துகொண்டே அதில் தோயாதவனை இதே இலைக்கு ஒப்பிடுகிறது. தம்மபதத்தின் கடைசிப் பகுதியும் ஆசை ஒட்டாத மனிதனைச் சொல்ல இந்த இலைக்குத்தான் வருகிறது. போலகத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் நாகூர், அதைத் தாண்டினால் நாகப்பட்டினம். அங்கே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது. ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையாக அளித்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. ஆக, இந்தக் கடலோரத்தில் சைவரும் வைணவரும் பௌத்தரும் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டே துறவைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

எல்லோரும் அந்த இலையில் கண்டது ஒன்றுதான்: எதையும் பிடித்துக்கொள்ளாத நிலை. பற்றை விட வேண்டுமானால் கையைத் திறந்துவிட வேண்டும், வெறுமையாகிவிட வேண்டும். அப்போது எதுவும் ஒட்டாது. கேட்பதற்கு இது ஐயமில்லாத உண்மையாகவே தோன்றுகிறது. ஆனால் எதையுமே பிடிக்காத ஒன்றால் எதையும் விலக்க முடியுமா என்ற கேள்வியை யாரும் இலையிடம் கேட்டதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் அதைக் கேட்டவர்கள் துறவிகள் அல்லர். தண்ணீரும் எண்ணெயும் பனிக்கட்டியும் ஒட்டாத பூச்சுகளைத் தேடிய பொருளறிவியல் ஆய்வாளர்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்து முடிவு எதுவும் கடவுளைப் பற்றியோ முக்தியைப் பற்றியோ எதையும் நிரூபிக்காது. முன்னோர்கள் நானோ நுட்பத்தை அன்றே அறிந்திருந்தார்கள் என்று சொல்வதும் முன்னோர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் ஓர் உவமையின் மேல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாகரிகம் தன் வாழ்க்கை இலட்சியத்தை ஏற்றி வைத்திருக்கும்போது, அந்த இலையை அருகில் போய்ப் பார்ப்பது கடமை.

அருகில் போய்ப் பார்த்தவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். 1970களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான இலைகளை ஆராய்ந்தபோது அவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. வழவழப்பான இலைகளைக் கழுவித் துடைத்த பிறகுதான் பார்க்க முடிந்தது. நுண்ணோக்கியில் கரடுமுரடாகத் தெரிந்த இலைகளோ கழுவாமலே சுத்தமாக இருந்தன. 1997இல் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே புனிதத் தாமரையின் தூய்மை என்ற சொற்கள் இடம்பெற்றன. தாமரை இலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிட நூறு மடங்கு மெல்லிய மெழுகுக் குழல்கள். துளி அந்த முகடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்கிறது. மிச்சப் பரப்பில் அதைத் தாங்குவது காற்று. உருளும் துளி வழியில் கிடக்கும் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது.

ஆகவே இலையும் ஒன்றைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது: முகடுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றை. மெழுகும் மேடும் சேர்ந்து காற்றைக் காவல் காக்கும்வரை தண்ணீர் உள்ளே நுழையாது. பார்த்லாட்டின் கண்டுபிடிப்பை வைத்து ஜெர்மன் நிறுவனம் ஒன்று 1999இல் மழையே கழுவிவிடும் சுவர்ப் பூச்சைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றி உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தாமரையைப் பாலிமரில் நகலெடுக்கத் தொடங்கின.

நகல்கள் தோற்றுப்போன விதம்தான் இந்தக் கேள்விக்கு முக்கியம். எண்ணெய் விழுந்தால் அது முகடுகளுக்கிடையே புகுந்துவிடும். அழுத்தம் கூடினால் காற்று வெளியேறிவிடும். நகத்தால் கீறினால் அந்த இடம் பிறகு எப்போதும் ஒட்டும். இவையெல்லாம் செயற்கைப் பூச்சின் குறை என்று விட்டுவிடலாம். ஆனால் 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யாங்-ட்ஸே செங், டேனியல் ரோடக் இருவரும் உண்மையான தாமரை இலையையே எடுத்து, அதன்மேல் துளியைப் போடாமல், நீராவியைக் குளிர்ந்து படிய விட்டார்கள். இலை நனைந்தது. படிந்த நீர் உருளவில்லை, ஒட்டிக்கொண்டது.

காரணம் எளிது. மேலிருந்து விழும் துளி முகட்டில் தங்கும். ஆவியோ முகடுகளுக்கிடையே போய், காற்று இருந்த இடத்திலேயே தண்ணீராகப் பிறக்கிறது. வாசலில் காவல் இருந்து என்ன பயன், வந்தவன் வீட்டுக்குள்ளேயே பிறந்துவிட்டால்?

துறவைப் பற்றிப் பேசிய எல்லா மரபுகளும் அறிந்த சிக்கல் இது. வெளியிலிருந்து வரும் சபலத்தை விலக்குவது ஓரளவு முடியும்: ஊரை விட்டுப் போகலாம், கண்ணை மூடலாம், பொருளைத் தொடாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு அந்த வெறுமையிலேயே ஊறிவரும் ஆசையை என்ன செய்வது? விட்டுவிட்டேன் என்ற பெருமையே ஆசையாகத் திரளும்போது? காலியாக இருக்கும் மனம்தான் அதற்கு மிகச் சரியான இடம். இலையின் நிலையும் அதுதான்.

தாமரைக்கு ஒரு பரிகாரம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜானதன் போரேகோ, சுவான்-ஹுவா சென் இருவரும் 2009இல், ஆவியால் நனைந்த இலையை ஒலிபெருக்கியின் மேல் வைத்து அதிர விட்டார்கள். உள்ளே சிக்கிய நீர் வெளியேறி மறுபடி துளியாகத் திரண்டது. அசைவு இருந்தால் இலை மீள்கிறது. அசையாமல் இருப்பதையே சித்தியின் அடையாளமாகக் கருதுகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை நிதானமாக யோசிக்கலாம்.

பனிக்கட்டி வந்தபோது தாமரையின் வழி இன்னும் மோசமாக அடைபட்டது. விமான இறக்கை, காற்றாலை, மலைநாட்டு மின்கம்பி ஆகியவற்றில் உறையும் பனியை விலக்கத் தாமரைப் பூச்சு உதவும் என்று பலர் நம்பினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் கிருபா வாரணாசி தலைமையிலான குழு 2010இல் காட்டியது வேறு: உறைபனி முகட்டிலும் பள்ளத்திலும் பேதமில்லாமல் முளைக்கிறது, பள்ளங்களுக்குள் முளைத்த பனி ஆணிபோல இறங்கி, கரடான பரப்பை வழவழப்பான பரப்பைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடே ஒட்டுவதற்குப் பிடிமானமாகிவிட்டது.

மாற்று வழியைக் காட்டியது வேறொரு செடி. மேகாலயாவின் காசி, காரோ, ஜைந்தியா மலைகளில் வளரும் குடுவைத் தாவரம்தான் இந்தியாவில் இயற்கையாக உள்ள ஒரே நெபந்தஸ் இனம். இலங்கையின் ஈரக்காடுகளில் அதன் உறவினம் ஒன்று இருக்கிறது. இலையே குடுவையாகி நிற்கும் இந்தச் செடி பூச்சியைத் தின்று பிழைக்கிறது. ஹோல்கர் போன், வால்ட்டர் ஃபெடர்லே இருவரும் 2004இல் கண்டது இது: குடுவையின் விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு சாவகாசமாக நடக்கிறது; மழையிலும் தேனிலும் நனைந்த பிறகு கால் வைத்த மாத்திரத்தில் வழுக்கி உள்ளே விழுகிறது. விளிம்பின் நுண்ணிய வரிப்பள்ளங்கள் நீரை மெல்லிய படலமாக இழுத்துப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். தாமரை நீரை விலக்கி வழுக்கியது. குடுவை நீரைப் பற்றி வழுக்குகிறது.

2011இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜோஅன்னா ஐசன்பெர்க், டாக்-சிங் வாங் ஆகியோரின் குழு இதைச் செயற்கையில் செய்தது. நுண்துளைகள் நிறைந்த பாலிமர்ப் பரப்பு. அதற்குள் ஊறி நிற்கும் மசகுத் திரவம். மேலே தெரிவது அந்தத் திரவத்தின் சமமான முகம் மட்டும். தண்ணீர், கச்சா எண்ணெய், ரத்தம் எல்லாம் சிறு சாய்விலேயே வழிந்து ஓடின. கத்தியால் கீறினால் ஒரு நொடிக்குள் திரவம் பரவிக் காயத்தை மூடியது. கடலின் அடியில் இருப்பதைப் போன்ற அழுத்தத்திலும் வேலை செய்தது, ஏனெனில் காற்றைப்போலத் திரவத்தை அமுக்கிவிட முடியாது. அடுத்த ஆண்டு அதே ஆய்வுக்கூடம் அலுமினியத் தகட்டில் பாலிபிரோல் என்ற பாலிமரைப் படிய வைத்து, திரவத்தை ஊறச் செய்து காட்டியது: அதில் உறைந்த பனி தன் எடையாலேயே சரிந்து விழுந்தது.

அந்தக் குழு வகுத்த நிபந்தனைகள் மூன்று. மசகுத் திரவம் பரப்பின் துளைகளுக்குள் தானாக இறங்கி அங்கேயே தங்க வேண்டும். பரப்பு, வெளியிலிருந்து வரும் எந்தத் திரவத்தையும்விட இந்தத் திரவத்தின் மேல் அதிக நாட்டம் கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நிலை. நாட்டம் சமமாக இருந்தால் போதாது. மற்ற எல்லாவற்றின் மேலும் உள்ள ஈர்ப்பைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் விழும் துளியே உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

துறவு அதிகாரத்தை வள்ளுவர் எப்படி முடிக்கிறார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஒன்றொன்றாக விட விட, விட்டதனால் வரும் துன்பமில்லை என்று தொடங்கும் அதிகாரம், 350ஆம் குறளில் திடீரென்று பிடி என்கிறது. பற்றில்லாதவனிடம் பற்று வை, மற்ற பற்றுகள் விடுவதற்காகவே அந்தப் பற்றைப் பிடி என்பது அதன் கருத்து. பத்துக் குறள்களில் கடைசியான இதை முரண்பாடாகவோ பக்திக்குச் செய்த சலுகையாகவோ படிக்கிறவர்கள் உண்டு. வழுக்கும் பரப்புகளின் கதையைப் படித்த பிறகு அது மிகத் துல்லியமான கூற்றாகப் படுகிறது. வெறுமையால் விலக்க முடியாது. நிறைந்திருப்பதுதான் விலக்கும்.

இந்தக் கருத்தை வாழ்ந்து காட்டியவர் இந்த மண்ணிலேயே இருந்தார். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கணிக்கப்படும் காரைக்கால் அம்மையாரின் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். வணிகன் தனதத்தனின் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைக்கிறாள். கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனிடம் வேண்டிப் பெற்ற கனியைத் தருகிறாள். உண்மை தெரிந்ததும் அவன் அஞ்சுகிறான். கடல் வணிகத்துக்கென்று கப்பலேறியவன் வீடு திரும்பாமல் பாண்டி நாட்டில் குடியேறி வேறு மணம் செய்கிறான். உறவினர்கள் அவளை அவனிடம் அழைத்துச் சென்றபோது அவன் அவள் காலில் விழுகிறான். அப்போதுதான் அவள், இவனுக்காகத் தாங்கிய அழகும் தசையும் இனி வேண்டாம் என்று வேண்டி, பேய் வடிவத்தை ஏற்கிறாள்.

இத்தோடு நின்றால் இது தாமரை இலையின் கதை. ஆனால் கயிலையில் தலையால் நடந்து போய் அவள் கேட்ட வரங்கள் வேறு திசையில் போகின்றன. முதலில் கேட்டது இறவாத அன்பு. பிறவாமை அதற்குப் பிறகுதான் வருகிறது. மீண்டும் பிறப்பு உண்டென்றால் உன்னை மறவாமை வேண்டும் என்கிறாள். நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருக்க வேண்டும் என்கிறாள். வீடும் அழகும் உடலும் வழுக்கிப் போன பிறகும் ஒன்று அவளிடம் நிற்கிறது, அதுவும் முன்னைவிட அழுத்தமாக. பிடித்தது அதிகமானதால்தான் விட்டது எளிதாயிற்று என்றே அந்தப் புராணத்தைப் படிக்க வேண்டும். காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள். கையில் இருப்பதை விடுவதற்கு அங்கே யாருக்கும் முயற்சி தேவைப்படுவதில்லை. அன்றைக்கு நெஞ்சு வேறொன்றால் நிறைந்திருக்கிறது.

இதைச் சமையலறையில் நிற்கும் எந்தப் பெண்ணும் அறிவாள். புது இரும்புத் தோசைக்கல்லில் தோசை எழும்பாது. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவி, நாள் கணக்கில் கல்லைப் பழக்க வேண்டும். சூட்டில் எண்ணெயின் ஒரு பகுதி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான பாலிமர்ப் படலமாகிறது. அதன்மேல் ஒவ்வொரு முறையும் வெங்காயத் துண்டால் தேய்க்கும் எண்ணெய் ஈரப் படலமாக நிற்கிறது. கெட்டிப் படலமும் ஈரப் படலமும் சேர்ந்துதான் மாவை விடுவிக்கின்றன. சோப்புப் போட்டுத் தேய்த்து வெறுங்கல்லாக்கிவிட்டால் முதல் தோசை கல்லோடு போய்விடும். கல் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டும்.

எதைப் பற்றுவது என்ற கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. அதற்கு நவீன உலகம் ஒரு கடினமான பாடத்தை வைத்திருக்கிறது. 1938 ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட், வாயு நிரப்பிய உருளை ஒன்றைத் திறந்தபோது வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். கரிமமும் ஃபுளோரினும் பிணைந்த அந்தப் பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவானவற்றுள் ஒன்று. அந்தப் பாலிமரோடு ஏறக்குறைய எதுவும் வினைபுரியாது, எதுவும் எளிதில் ஒட்டாது. பற்றின்மைக்கு ஓர் உருவம் கொடுக்கச் சொன்னால் இதைத்தான் காட்டியிருப்பார்கள்.

அதைத் தயாரிக்கப் பல ஆண்டுகள் உதவிய பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் தொழிற்சாலையிலிருந்து ஆற்றுக்கும் குடிநீருக்கும் போனது. இந்த வகைப் பொருள்கள் எதனோடும் சேராததால் எதுவும் அவற்றைச் சிதைக்கவும் இல்லை. இன்று அமெரிக்கர்களில் ஏறக்குறைய எல்லோருடைய ரத்தத்திலும் இவை இருக்கின்றன. வடதுருவப் பகுதிக் கரடிகளின் உடலிலும் இருக்கின்றன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பி.எஃப்.ஓ.ஏ.வை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஹார்வர்டின் முதல் வழுக்குப் பரப்புகளுக்குள் ஊறியிருந்த மசகுத் திரவமும் ஃபுளோரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிறகு வந்த ஆய்வுகள் சிலிக்கோன் எண்ணெய்க்கும் தாவர எண்ணெய்க்கும் நகர்ந்தன.

சமய விசாரணை செய்கிறவர்கள் இந்தக் கதையை விலக்கிவைக்கக் கூடாது. தனக்கு எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இலட்சியமானால், தன்னிடமிருந்து வெளியேறுவது யார் உடலில் போய்ச் சேர்கிறது என்று கேட்கத் தோன்றாது. குடும்பத்தைத் துறந்து போனவரின் மனம் அமைதியாக இருக்கலாம். அவர் விட்டுப்போன கடன் மனைவியின் பெயரில் நிற்கும், அவர் பேசாத பேச்சு பிள்ளைகளின் தூக்கத்தில் நிற்கும். குடுவைத் தாவரத்தின் வழுக்கலும் எறும்பைக் கொல்வதற்கே இருக்கிறது. வழுக்குவது தன்னளவில் அறமாகாது. காரைக்கால் அம்மையாரின் கதையில் முதல் செயல் துறவு இல்லை, பசித்தவருக்குச் சோறு போட்டதுதான் என்பதைச் சேக்கிழார் மறக்க விடுவதில்லை.

இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் ஞான மரபு ஒரு மறுப்பை வைக்கும், அது வலுவான மறுப்பு. கடவுளைப் பற்றுவதும் பற்றுதானே? பொன் விலங்கும் விலங்குதானே? புத்தர் ஆற்றைக் கடந்த பிறகு தெப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரியாதே என்றார். ரமணர் ‘நான் யார்?’ நூலில், மற்ற நினைவுகளை அழிக்கும் விசாரணை கடைசியில் பிணம் சுடும் தடியைப்போலத் தானும் எரிந்து அழியும் என்கிறார். 14ஆம் நூற்றாண்டு ஜெர்மன் துறவி மைஸ்டர் எக்ஹார்ட் கடவுளைப் பற்றிய எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். இவர்கள் யாரையும் எளிதாக மறுத்துவிட முடியாது.

ஆனால் வழுக்குப் பரப்புகளில் உழைக்கும் பொறியாளர்களின் அன்றாடத் தொல்லை இதற்கு நேர் எதிரானது. அவர்களுக்குத் திரவத்தை நீக்குவது பிரச்சினை இல்லை, தங்க வைப்பதுதான் பிரச்சினை. வழிந்தோடும் ஒவ்வொரு துளியும் மசகின் மெல்லிய போர்வையைத் தன்மேல் சுற்றிக்கொண்டு போகிறது. ஊட்டாவிட்டால் பரப்பு மெல்ல மெல்ல வறண்டு பழையபடி ஒட்டத் தொடங்கும். வாரணாசியும் டேவ் ஸ்மித்தும் தொடங்கிய லிக்விகிளைடு நிறுவனம் சாஸ் பாட்டிலின் உட்புறத்துக்குப் பூச்சு செய்து 2012இல் பெயர் பெற்றது; அங்கே அந்தத் திரவம் பாட்டில் காலியாகும்வரை மட்டும் நின்றால் போதும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய இடங்களில் இது இன்னும் திறந்த கேள்விதான். வாழ்க்கையும் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய இடம். தெப்பத்தை எப்போது விடுவது என்று கரை சேர்ந்தவர் யோசிக்கட்டும்; நடு ஆற்றில் இருக்கிறவர்களுக்கு அது உதவாத யோசனை. தினமும் விளக்கேற்றுவதும், அதிகாலைத் தொழுகைக்கு எழுவதும், ஒரே பாட்டை ஆயிரமாவது முறை பாடுவதும் வெறும் பழக்கம் என்று தோன்றலாம். வழிந்து போனதை மறுபடி ஊட்டும் வேலை அது. இந்த விஷயத்தில் அம்மையார் பக்கம்தான் நியாயம் இருக்கிறது: அவர் ஒருபோதும் தீராத அன்பை வரமாகக் கேட்டார், ஏனெனில் அது தீரக்கூடியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போலகத்தில் இந்தச் சங்கதி இன்னொரு வடிவத்திலும் நிற்கிறது. புதுச்சேரி பவர் கார்ப்பரேஷனின் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் இந்தப் பகுதியில்தான் இயங்குகிறது. டெல்டாவின் நிலத்தடி எரிவாயுதான் அதற்கு எரிபொருள். கடலோரத்தில் மின்சாரம் கடத்துகிறவர்களுக்கு உப்பு ஓயாத பகை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் படியும். விடியற்காலைப் பனி அதை நனைக்கும். உப்புநீர்ப் படலம் வழியே மின்சாரம் கசிந்து, சில சமயம் நெருப்புப் பொறியோடு தாவும், லைன் நின்றுபோகும். பல கடலோர நிலையங்களில் இதற்குச் செய்யப்படும் ஏற்பாடு, பீங்கானின் மேல் சிலிக்கோன் பாலிமரைப் பூசுவது, அல்லது சிலிக்கோன் ரப்பரால் ஆன பாலிமர் இன்சுலேட்டரையே மாட்டுவது. அதன்மேல் நீர் படலமாகாமல் துளித்துளியாக நிற்கும்.

சிலிக்கோனைக் காட்டிலும் வழுக்கும் பொருள்கள் உண்டு. ஆனால் மின்துறையினர் இதை நாடுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சிலிக்கோன் ரப்பருக்குள் பிணையாமல் திரியும் சிறு எண்ணெய் மூலக்கூறுகள் எப்போதும் இருக்கும். மேலே உப்பும் தூசியும் படிந்தால் அவை உள்ளிருந்து மெல்ல எழுந்து, அந்த அழுக்குக்குள் புகுந்து, அழுக்கின் ஒவ்வொரு துகளையும் போர்த்துகின்றன. சில மணி நேரத்திலோ சில நாளிலோ அழுக்கே நீரை விலக்கத் தொடங்கிவிடுகிறது. பரப்பு அழுக்கை உதறவில்லை. தன் தன்மையை அதற்குக் கொடுத்துவிட்டது. டெஃப்லான் தானாக ஒருபோதும் செய்யாத காரியம் இது. சிலிக்கோனையும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. அதன் வளைய மூலக்கூறுகள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் ஒட்டாமல் இருப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பதை இந்த இரண்டு பாலிமர்களும் அருகருகே நின்று காட்டுகின்றன.

பரமதத்தன் அஞ்சி விலகிப் போனவன். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான். உறவினர்களுக்கு முன்னால் அவளை மானுடம் அல்ல என்று சொல்லிக் குடும்பத்தோடு வணங்கினான். ஒட்ட முடியாமல் போனவனிடமும் அவளுடைய தன்மை ஏறியிருந்தது என்பதற்குச் சேக்கிழார் தரும் சாட்சி அந்தப் பெயர். துறவிகளை மதிப்பிட ஊர் எப்போதும் அவர்கள் எதை விட்டார்கள் என்று கணக்கெடுக்கிறது. அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள், அவர்களால் கைவிடப்பட்டவர்கள்கூட, என்னவானார்கள் என்று பார்ப்பது இன்னும் நேர்மையான கணக்கு.

கடலோர மின் நிலையங்களில் சிலிக்கோனாலும் முடியாத நாள்கள் உண்டு. புயலுக்குப் பின் உப்பு ஒரே இரவில் கனமாகப் படிந்துவிட்டால் எண்ணெய் எழுந்து வருவதற்குள் பனி நனைத்துவிடும். அப்போது தொழிலாளர்கள் லைனை நிறுத்திவிட்டு, பழைய முறைப்படி தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை பூச்சையும் புதிதாகப் பூசுகிறார்கள்.